மாரடைப்புக்குப் பிந்தைய முதல் ஆண்டு: மருந்தாளுநர் பணி குறித்து எங்கள் நிலைப்பாடு

மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டு வீடு திரும்புகிறவர் இதய மருத்துவரை மறுபடி பார்ப்பது சில வாரங்கள் கழித்து, அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை. மருந்துக் கடைக்கோ அரசு மருத்துவமனை மருந்தகத்துக்கோ அவர் மாதாமாதம் வந்தாக வேண்டும். வராமல் போனால் அதை முதலில் அறியக்கூடியவர் மருந்தாளுநர். ஆனால் இன்றைய ஏற்பாட்டில் அதைக் கவனிப்பது யாருடைய வேலையும் இல்லை. வீடு திரும்பிய முதல் ஓராண்டுக்கு இதய நோயாளியின் மருந்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதை மருந்தாளுநரின் முறையான பணியாக்கி, அதற்குப் பதிவேடும் ஊதியமும் ஒதுக்க வேண்டும் என்று எங்கள் சங்கம் கோருகிறது.

மாரடைப்புக்குப் பின் மருந்து பூசிய ஸ்டென்ட் வைக்கப்பட்ட 500 அமெரிக்க நோயாளிகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், ஏழு பேரில் ஒருவர் முப்பது நாளுக்குள்ளேயே, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் வகை மாத்திரையை நிறுத்தியிருந்தார். அடுத்த 11 மாதங்களில் நிறுத்தியவர்களில் 7.5 சதவீதம் பேரும், தொடர்ந்தவர்களில் 0.7 சதவீதம் பேரும் இறந்தார்கள். நிறுத்தியவர்கள் முன்பே நலிந்தவர்களாக இருந்திருக்கலாம். வித்தியாசம் முழுவதையும் மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது. பாதியில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்பதில் மட்டும் ஐயமில்லை. இலவசமாகக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மாரடைப்பு நோயாளிகளுக்குச் செலவே இல்லாமல் மருந்து கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை 2011இல் வெளியானது. ஒழுங்காக உட்கொள்ளும் விகிதம் 4 முதல் 6 சதவீதப் புள்ளிகளே உயர்ந்தது. விலை ஒரு தடைதான், ஆனால் அது மட்டுமே தடை இல்லை.

மற்ற தடைகள் மிகச் சாதாரணமானவை. நெஞ்சு வலி நின்றுவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றுகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஒரே அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டு கம்பெனிப் பெயரில் வீட்டில் சேர்ந்து இரண்டும் உள்ளே போகிறது. பல் பிடுங்குவதற்காக நிறுத்திய மாத்திரை மறுபடி தொடங்கப்படுவதில்லை. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் உடலில் நீரைத் தேக்கி, இதயச் செயலிழப்பு உள்ளவரை மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பிவிடும். வயிற்றெரிச்சலுக்குத் தாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஒமெப்ரசோல் குளோபிடோக்ரெலின் வீரியத்தைக் குறைக்கும். இவை எல்லாமே மருந்து கைமாறும் இடத்தில் கண்ணில் படுபவை. மருத்துவரின் அறைக்கு வந்து சேர்வது அபூர்வம்.

எங்களுக்கு எதிரான சான்றுகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதியவர்களை மருந்தாளுநர்கள் வீட்டுக்குச் சென்று பார்த்த, 2005இல் வெளியான இங்கிலாந்துச் சோதனையில், மறுபடி சேர்க்கப்படுவது குறையவில்லை, கூடவே செய்தது. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் செய்து 2007இல் வெளியான இன்னொன்றிலும் பலனில்லை. அதே 2007இல் வெளியான இண்டியானாபொலிஸ் சோதனை வேறு கதை சொல்கிறது. வசதி குறைந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளை மருந்தாளுநர் ஒன்பது மாதம் தொடர்ந்து கவனித்ததில், மருந்தை ஒழுங்காக உட்கொள்வது 67.9 சதவீதத்துக்கு எதிராக 78.8 சதவீதமாக இருந்தது; அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதும் மருத்துவமனையில் சேர்வதும் 19.4 சதவீதம் குறைந்தன. மருந்தாளுநர் விலகியதும் மருந்து உட்கொள்வதில் இருந்த வித்தியாசம் கரைந்துபோனது. ஓரிரு முறை வீட்டுக்குப் போய் அறிவுரை சொல்வதால் பயனில்லை, மாதாமாதம் மருந்து கொடுக்கும் கையே கவனிக்க வேண்டும் என்று இவற்றைச் சேர்த்துப் படித்துப் புரிந்துகொள்கிறோம்.

இது மருத்துவரின் எல்லைக்குள் நுழைவது என்பார்கள். மருந்தை மாற்றவோ அளவைக் கூட்டவோ நாங்கள் உரிமை கேட்கவில்லை. நோயாளிக்கு மருந்து பற்றி எடுத்துச் சொல்லும் பொறுப்பை 2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை விதிகளே மருந்தாளுநருக்குத் தந்துவிட்டன. பல கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது, ஆளைக் காணோம் என்ற குற்றச்சாட்டுக்கு எங்களிடம் மறுப்பு இல்லை. விற்பனையில் லாபம் பார்ப்பவரிடம் ஆலோசனையை ஒப்படைக்கலாமா என்பதும் நியாயமான கேள்வி. ஆகவே மருந்து இலவசமாகவே வழங்கப்படும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைத் தொடங்கட்டும். 2008 முதல் நடக்கும் பார்ம்.டி. படிப்பை முடித்தவர்களை அங்கே நியமிக்கலாம். எந்த மாத்திரை எந்த மாதம் வரை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி, அதன் நகலை மருந்தகத்துக்கும் அனுப்ப வேண்டும். மருந்து வாங்க வேண்டிய நாள் தாண்டி ஒரு வாரத்துக்குள் நோயாளிக்குத் தொலைபேசி அழைப்பு போக வேண்டும். அழைத்தும் வராதவர் பெயர் இதய மருத்துவரின் மேசைக்குப் போக வேண்டும்.