மின்னஞ்சலில் 5 மாதம் நடக்கும் போர்: 'டிப்ளமசி' ஆட்டம் பாதியில் நின்றுபோவது ஏன்?

ஞாயிறு இரவு 9 மணி டெட்லைன். ஆறு பேரின் உத்தரவுகள் நடுவரின் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டன. ஏழாவது ஆள், துருக்கி, சத்தமே இல்லை. 9.05, 9.20, 10 மணி... ரஷ்யாவை எதிர்க்க துருக்கியோடு இரண்டு வாரமாகப் பேசிப் பேசி ஒப்பந்தம் போட்டிருந்த ஆஸ்திரியா, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. துருக்கி நம்மை ஏமாற்றிவிட்டாரா, இல்லை மறந்துவிட்டாரா?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், மின்னஞ்சலில் 'டிப்ளமசி' ஆடிய யாரிடம் கேட்டாலும், 'இது எங்க ஆட்டத்துலயும் நடந்துச்சே' என்பார்கள். மாதக்கணக்கில் நடக்கும் இந்த மாதிரி ஆட்டங்களைக் கொல்வது பெரும்பாலும் எதிரியின் படை இல்லை. பதில் போடாத ஒரு ஆள்தான்.

எல்லாமே பத்து நிமிடத்தில் கையில் வேண்டும் என்கிற காலத்தில், ஏழு பேர் ஐந்து மாதம் சேர்ந்து ஒரு ஆட்டத்தை முடிப்பது எப்படி? பார்க்கலாம்.

அப்படி என்ன விளையாட்டு இது?

அமெரிக்காவைச் சேர்ந்த ஆலன் கால்ஹாமர் 1954-ல் உருவாக்கிய போர்டு கேம் இது. 1959-ல் சொந்தக் காசில் 500 பிரதிகள் போட்டு விற்றார். முதலாம் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாதான் களம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என ஏழு நாடுகள், ஏழு ஆட்டக்காரர்கள். வரைபடத்தில் 34 முக்கிய மையங்கள் உண்டு. அதில் 18-ஐப் பிடிப்பவர் வெற்றி.

இதில் தாயக்கட்டை கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. எல்லோரும் தங்கள் படைகளுக்கான உத்தரவை ரகசியமாக எழுதுவார்கள். ஏழு பேருடையதும் ஒரே நேரத்தில் பிரிக்கப்படும். சம பலம் மோதினால் யாரும் நகர முடியாது. ஒரு இடத்தைப் பிடிக்க இன்னொரு படையின் ஆதரவு தேவை. அந்த ஆதரவு பெரும்பாலும் பக்கத்து நாட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே ஆட்டத்தின் முக்கால்வாசி பேச்சுவார்த்தைதான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தபாலில் தொடங்கிய கதை

நேரில் ஆடினால் ஒரு முழு நாள் போய்விடும். ஏழு பேருக்கும் ஒரே நாள் லீவு கிடைக்க வேண்டும். நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கோவா ட்ரிப் பிளான் போட்டவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இதற்கு நியூயார்க்கின் ப்ரூக்ளினில் இருந்த ஜான் போர்ட்மேன் 1963-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். 'க்ரவ்ஸ்டார்க்' என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கி, தபால் வழியாக டிப்ளமசி நடத்தினார். ஆட்டக்காரர்கள் உத்தரவுகளைக் கடிதத்தில் அனுப்புவார்கள். முடிவு பத்திரிகையில் அச்சாகி வரும். இதே பாணியில் பல சிறு பத்திரிகைகள் முளைத்தன. சுவாரஸ்யமான ஒற்றுமை என்னவென்றால், விளையாட்டைக் கண்டுபிடித்த கால்ஹாமரும் பின்னாளில் தபால்காரராகத்தான் வேலை பார்த்தார்.

1980-களின் இறுதியில் கென் லோ என்பவர் 'ஜட்ஜ்' என்ற மென்பொருளை எழுதினார். உத்தரவை அதன் முகவரிக்கு மின்னஞ்சல் செய்தால் போதும். எல்லோருடையதும் சேர்ந்ததும் அதுவே கணக்குப் போட்டு முடிவை அனுப்பிவிடும். ஆட்டக்காரர்களுக்கு இடையிலான கடிதங்களையும், வேண்டுமானால் பெயரை மறைத்து, அதுவே சேர்த்துவிடும். தபால் தாமதம் போச்சு. ஆனால் மனுஷ தாமதம் போகவில்லை.

ஒரு ஆட்டம் முடிய எவ்வளவு நாள்?

விளையாட்டின் ஒவ்வொரு 'ஆண்டிலும்' வசந்தகாலம், இலையுதிர்காலம் என இரண்டு நகர்வுகள். பிறகு, பிடித்த மையங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படையைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு குளிர்காலச் சுற்று. நகர்வுக்கு தலா 7 நாள், குளிர்காலத்துக்கு 3 நாள் என்று வைத்தால் ஒரு ஆண்டுக்கு 17 நாள். ஆட்டம் எட்டு ஆண்டு ஓடினால் 136 நாள். தோற்ற படைகள் பின்வாங்கும் சுற்றுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மாதம்.

ஐந்து மாதத்தில் ஒருத்தருக்கு ஆபீஸ் ரிலீஸ் வரும். ஒருத்தருக்குக் கல்யாணம். ஒருத்தர் வேலை மாறுவார். ஒருத்தருக்கு ஆட்டமே போரடித்துவிடும்.

ஒருத்தர் அனுப்பலைன்னா என்ன பெரிய நஷ்டம்?

செஸ்ஸோடு ஒப்பிட்டால் புரியும். கடிதவழிச் செஸ்ஸை 1951-ல் தொடங்கிய ஐ.சி.சி.எஃப். அமைப்பு இன்றும் நடத்துகிறது. 10 நகர்வுக்கு 50 நாள் என்பது அங்கே பழைய வழக்கம். அதில் ஒருவர் காணாமல் போனால் எதிராளிக்கு வெற்றி. பாதிப்பு அந்த இரண்டு பேரோடு முடிந்தது.

டிப்ளமசியில் அப்படி இல்லை. உத்தரவு வராத நாட்டின் படைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். இதை ஆட்டக்காரர்கள் 'என்.எம்.ஆர்.' என்பார்கள், அதாவது 'நோ மூவ்ஸ் ரிசீவ்ட்'. முதல் சுற்றான 1901 வசந்தகாலத்தில் துருக்கி தூங்கிவிட்டால், கருங்கடல் ரஷ்யாவுக்குச் சும்மா கிடைக்கும். துருக்கி வழக்கமாக முதல் ஆண்டிலேயே எடுக்கும் பல்கேரியா கேட்பாரில்லாமல் கிடக்கும். துருக்கியை நம்பித் திட்டம் போட்ட ஆஸ்திரியா தனியாக மாட்டிக்கொள்ளும். அதாவது தூங்கியது ஒருவர், அடி வாங்குவது இன்னொருவர், லாபம் மூன்றாமவருக்கு. அதற்குப் பிறகு யார் ஜெயித்தாலும், 'நான் நல்லா ஆடி ஜெயிச்சேன்' என்று அவரால் மார்தட்ட முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

ஏழு பேரும் நல்லவர்கள். ஒவ்வொருவரும் 100-க்கு 95 முறை நேரத்துக்கு அனுப்புவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் 95% அட்டெண்டன்ஸ் என்றால் பாராட்டுவார்கள். ஆனால் ஏழு பேரும் ஒரே சுற்றில் சரியாக அனுப்பும் வாய்ப்பு 0.95-ஐ ஏழு தடவை பெருக்கினால் வருவது, சுமார் 70%. அதாவது பத்துச் சுற்றில் மூன்றில் யாரோ ஒருவர் சொதப்புவார். தொடர்ந்து பத்துச் சுற்று ஒரு பிசகும் இல்லாமல் நடக்கும் வாய்ப்பு வெறும் 3%.

ஆக, பிரச்சினை யாரோ ஒரு பொறுப்பில்லாத ஆள் என்பது இல்லை. ஏழு பொறுப்பான ஆட்கள் சேர்ந்தாலே இதுதான் நடக்கும். அதனால்தான் 'எல்லோரும் ஒழுங்கா அனுப்புங்க ப்ளீஸ்' என்று குரூப்பில் கெஞ்சுவதால் ஆட்டம் பிழைப்பதில்லை. மறதி வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விதி போட்டால்தான் பிழைக்கும்.

என்னென்ன விதி போட்டார்கள்?

ஜட்ஜ் மென்பொருளில் டெட்லைனுக்குப் பிறகு ஒரு கருணை நேரம் உண்டு. அதற்குள்ளும் வரவில்லை என்றால் அந்த நாடு கைவிடப்பட்டதாக அறிவிக்கப்படும். வெளியில் இருந்து வேறொருவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். அதோடு, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு 'அர்ப்பணிப்பு மதிப்பெண்' இருந்தது. நேரத்துக்கு அனுப்பினால் ஏறும், தாமதித்தால் இறங்கும். 'இவ்வளவு மதிப்பெண் இருந்தால்தான் என் ஆட்டத்தில் சேரலாம்' என்று நடத்துபவர் நிபந்தனை போடலாம். கவனியுங்கள், இது எத்தனை முறை ஜெயித்தார் என்ற கணக்கு இல்லை. ஆளை நம்பலாமா என்ற கணக்கு. இன்று இணையத்தில் இந்த ஆட்டத்தை நடத்தும் வெப்டிப்ளமசி தளத்திலும் இதே மாதிரி நம்பகத்தன்மை மதிப்பீடு இருக்கிறது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. பொய் சொல்வதும் முதுகில் குத்துவதும் முழுமையாக அனுமதிக்கப்பட்ட விளையாட்டு இது. அதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையாது. காணாமல் போனால் குறையும். துரோகி அடுத்த ஆட்டத்துக்கும் கூப்பிடப்படுவார். ஓடிப்போனவரைக் கூப்பிட மாட்டார்கள்.

தோற்கிறவர் ஏன் தொடர வேண்டும்?

ஆட்டத்தை விட்டுப் போகிறவர் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருப்பவர்தான். ஒரே ஒரு படையை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் எதற்கு மெயில் அனுப்ப வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் டிப்ளமசியில் அந்த ஒரு படைக்கும் மதிப்பு இருக்கிறது. இரண்டு பெரிய நாடுகள் சமபலத்தில் மோதும்போது, நடுவில் நிற்கும் அந்தச் சின்னப் படை யாருக்கு ஆதரவு தருகிறதோ அவர் பக்கம்தான் சாயும். கூட்டணி ஆட்சியில் இரண்டு எம்.எல்.ஏ. உள்ள கட்சிக்கு இருக்கும் மவுசு மாதிரி.

இதை உணர வைப்பது பேச்சுதான். ஜெயிக்கிற ஆட்கள் சின்ன நாட்டுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தினால், அவர் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். எழுதிக்கொண்டே இருந்தால் இருப்பார். மின்னஞ்சல் ஆட்டத்தில் மௌனமும் ஒரு செய்திதான். பதில் வரவில்லையா? படை வருகிறது என்றுதான் எதிராளி எடுத்துக்கொள்வார்.

ஏஐ வந்தாச்சே, இனி மனுஷங்க எதுக்கு?

மெட்டா நிறுவனம் 2022 நவம்பரில் 'சிசரோ' என்ற ஏஐ-யை அறிமுகம் செய்தது. வெப்டிப்ளமசி தளத்தில் 82 பேருக்கு எதிராக 40 ஆட்டங்கள் ஆடியது. மற்றவர்களின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் புள்ளி எடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. பேச்சுவார்த்தையும் அதுவேதான் நடத்தியது.

ஆனால் அவை ஒரு சுற்றுக்கு 5 நிமிடம் என்ற வேக ஆட்டங்கள். அங்கே யாருக்கும் மறக்க நேரமில்லை. மெதுவான ஆட்டத்தில் ஏஐ-யை உட்கார வைத்தால் டெட்லைன் ஒருபோதும் தவறாது, உண்மைதான். ஆனால் வேலை, வீடு, தூக்கம் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு ஆள் நமக்காக ஞாபகம் வைத்து அனுப்பினார் என்பதில் இருக்கும் மதிப்பு அதில் கிடைக்காது. ஏழு நண்பர்கள் இந்த ஆட்டத்தைத் தொடங்குவதே பெரும்பாலும் அதற்காகத்தான்.

நீங்க ஆரம்பிக்கப் போறீங்களா? இதைச் செய்யுங்க

• ஆட்டத்தில் இல்லாத ஒருவரை நடுவராகப் போடுங்கள். ஆடுபவரே நடத்தினால் சந்தேகம் தீராது.

• டெட்லைன் வாராவாரம் ஒரே கிழமை, ஒரே மணி. வெளிநாட்டில் இருப்பவர் இருந்தால் எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

• சுற்று தொடங்கிய அன்றே ஒரு தற்காலிக உத்தரவை அனுப்பிவிடுங்கள். டெட்லைனுக்குள் கடைசியாக வந்ததே செல்லும் என்று விதி இருந்தால், மனம் மாறினாலும் கவலையில்லை. மறந்தாலும் படை சும்மா நிற்காது.

• இரண்டு மாற்று ஆட்களை முதல் நாளே பேசி வையுங்கள்.

• லீவு வேண்டுமா, முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னவருக்காக ஆட்டம் ஒரு வாரம் நிற்கலாம். சொல்லாதவருக்காக நிற்கக் கூடாது.

• எப்போது முடிப்பது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். '1908-க்குள் யாரும் ஜெயிக்கலைன்னா டிரா' என்று ஒரு வரி இருந்தாலே பலர் கடைசி வரை இருப்பார்கள்.

முடியவில்லை என்றால் விலகலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டு வரி எழுதிவிட்டு விலகுங்கள். 'வேலை அதிகம், என்னால தொடர முடியல, என் நாட்டை வேற யாருக்காவது குடுங்க.' இதை டைப் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. மற்ற ஆறு பேரின் ஐந்து மாதம் அதில் பிழைத்துக்கொள்ளும்.