டாக்டருக்குத் துணையானவரிடம் எத்தனை பேர் செல்கின்றனர்?
கணக்கிடும் முறை பற்றிச் சில கருத்துக்கள்

நம் நாட்டில் சாதாரண நோய்களுக்கு மக்கள் யாரிடம் செல்கின்றனர் என்னும் வினாவுக்கு விடை கூறுவது எளிது போலத் தோன்றும். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, சொறி, மூட்டுவலி, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகிய சில குறைபாடுகளே கிராமத்துச் சுகாதார நிலையத்தின் வாயிலில் காணும் கூட்டத்தின் பெரும் பகுதிக்குக் காரணமாகும். ஆனால் அக்கூட்டத்தை நாள்தோறும் சந்திப்பவர் பல இடங்களில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். செவிலியர் படிப்போ ஆயுர்வேதப் படிப்போ முடித்துப் பின்னர் ஆறு மாதப் பயிற்சி பெற்ற சமுதாய சுகாதார அதிகாரியே துணை சுகாதார நிலையத்தில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் ஆண்டொன்றுக்கு எத்தனை பேர், எந்த நோயை முன்னிட்டு வருகின்றனர் என்று கேட்டால், நம் கணக்குகள் நேரான விடை தருவதில்லை. இதற்குக் காரணம் எண்ணுவோரின் சோம்பல் அன்று. நாம் கேட்கும் கேள்வியின் அமைப்பே என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

இத்தகைய ஊழியர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். குறுகிய காலம் பயின்ற லைசென்ஷியேட் வைத்தியர்கள் விடுதலைக்கு முன்பு ஏராளமாக இருந்தனர். ஒரே தரமான பட்டப்படிப்பே போதும் என்று 1946இல் போர் கமிட்டி கூறிய பின்னர் அவ்வகுப்பு மறைந்தது. அமெரிக்காவிலோ போக்கு நேர்மாறாக இருந்தது. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் என்பார், கடற்படையில் மருத்துவப் பணி புரிந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு டாக்டருக்குத் துணையாவோரைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். அதே முறையிலான படிப்பு நம் நாட்டில் 1992இல் சென்னையில் இருதய அறுவைச் சிகிச்சையை ஒட்டித் தொடங்கப்பட்டது. கிராமப்புறத்துக்கென்றே சத்தீஸ்கர் 2001இலும் அஸ்ஸாம் 2004இலும் தனிச் சட்டம் இயற்றி மூன்றாண்டுப் படிப்பை ஏற்படுத்தின. 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் 1,50,000 சுகாதார, நலவாழ்வு நிலையங்கள் அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது. அவற்றுள் முதலாவது அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்டத்து ஜாங்லா கிராமத்தில் திறக்கப்பட்டது. அதன் பின்னரே சமுதாய சுகாதார அதிகாரி நாடெங்கும் காணப்படலானார்.

முதற்கண் நம்மிடம் உள்ள பெருங்கணக்கைப் பார்ப்போம். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடைபெற்றது. 1,13,823 குடும்பங்களிடம் உடல்நலம் பற்றி விசாரிக்கப்பட்டது. விசாரணைக்கு முந்திய 15 நாட்களில் ஏதேனும் நோய் இருந்ததாகக் கூறியவர்கள் கிராமங்களில் 100க்கு 6.8, நகரங்களில் 9.1. சிகிச்சை எங்கே பெறப்பட்டது என்பதும் கேட்கப்பட்டது. அரசாங்க மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, தனியார் டாக்டர், தருமச் சிகிச்சை நிலையம், முறைசாரா வைத்தியர் என்பன விடைகளின் பிரிவுகள்.

இப்பிரிவுகளைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவை பெரும்பாலும் இடத்தைக் கேட்கின்றன, ஆளைக் கேட்கவில்லை. துணை நிலையத்தில் செவிலியரிடம் மருந்து பெற்றவரும், மாவட்ட மருத்துவமனையில் நிபுணரைக் கண்டவரும் அரசாங்கம் என்னும் ஒரே பெட்டிக்குள் விழுகின்றனர். ஆள் யார் என்பதை அப்பெட்டியைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆளைக் கேட்டால் மட்டும் விடை கிடைத்துவிடுமா? கணக்கெடுப்புத் தாள்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்போர்க்கு இவ்விடத்தில் ஒரு சங்கடம் உண்டு. கிராமத்தில் கழுத்தில் குழாய் தொங்கவிட்டு மாத்திரை தருபவர் எவராயினும் அவர் ‘டாக்டர்’தான், வடக்கே ‘டாக்டர் சாகிப்’. மருத்துவ உதவியாளர் என்று தாளில் அச்சிட்டால், கேட்பவர் மனத்தில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுபவரோ பழைய கம்பவுண்டரோ தோன்றக்கூடும். ஆகவே, ‘நீங்கள் சென்றது டாக்டரிடமா, மருத்துவ உதவியாளரிடமா?’ என்னும் கேள்விக்குக் கிடைக்கும் விடை, சொல்லைப் பற்றிய விடையே அன்றி வைத்தியரைப் பற்றிய விடை ஆகாது. சட்டமும் இக்குழப்பத்தைப் பெருக்கியுள்ளது. அஸ்ஸாமின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2014இல் செல்லாதென்றது. அதனை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உறுதி செய்தது. இடையில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதே ஊழியர்க்கு வேறு பெயர் அளித்துவிட்டது. பெயரைக் கொண்டு எண்ணுகிறவனுக்கு, 2014இல் இருந்த ஒரு வகுப்பார் மறைந்து, புதிதாய் வேறொரு வகுப்பார் தோன்றியது போலக் காட்சியளிக்கும். நாற்காலியில் இருப்பவரோ அதே மனிதர்.

அமெரிக்காவிலும் இத்தொல்லை தீர்ந்தபாடில்லை என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். டாக்டர் அலுவலகங்களுக்கு வரும் நோயாளிகளைப் பற்றிய தேசிய ஆய்வு அங்கே 1973இல் தொடங்கியது. அதில் மாதிரியாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் டாக்டர்கள். துணைவரிடம் வந்த நோயாளி, பெரும்பாலும் அவருடைய டாக்டர் மாதிரியில் அகப்பட்டால்தான் கணக்கில் வந்தார். பணம் பெறும் முறை இன்னும் வேடிக்கையானது. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில், துணைவர் தம் பெயரில் பில் அனுப்பினால் டாக்டருக்குரிய கட்டணத்தில் 100க்கு 85 பங்கே கிடைக்கும். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு டாக்டரின் பெயரில் அனுப்பினாலோ முழுத் தொகையும் கிடைக்கும். எந்தப் பெயர் பில்லில் ஏறும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இவ்வழக்கத்தை நீக்குமாறு அத்திட்டத்தின் ஆலோசனைக் குழு 2019இல் பரிந்துரைத்தது. செலவைக் குறைப்பதோடு, யார் சிகிச்சை அளித்தனர் என்பதைத் தெளிவாக அறிவதும் அதன் நோக்கமாகும்.

இனி எண்ணும் முறைக்கு வருவோம். களத்தில் பணி புரிவோர் அடிக்கடி செய்யும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். சமவெளியில் ஒரு துணை நிலையத்துக்கு 5,000 மக்கள் என்பது நியமம். கிராமங்களுக்குரிய 6.8 வீதத்தின்படி 15 நாட்களில் நோயுற்றோர் 340 பேர். ஆண்டில் இத்தகைய 24 காலப்பகுதிகள் உள்ளன. 340ஐ 24ஆல் பெருக்கி 8,160 வருகைகள் என்று எழுதிவிடுகின்றனர். பெருக்கலில் பிழை இல்லை; பெருக்கப்பட்ட பொருளில்தான் பிழை உள்ளது. நீரிழிவுக்காரர் ஒவ்வொரு 15 நாளிலும் ‘நோயுற்றவர்’ என்றே பதிவாவார். ஆனால் அவர் மாத்திரை வாங்க மாதம் ஒரு முறைதான் வருகிறார். காய்ச்சல்காரரோ மூன்று நாளில் இரு முறை வருவார், பின்னர் ஆண்டு முழுவதும் தலை காட்டார்.

ஆகவே இருவகையையும் பிரித்துக் கணக்கிட வேண்டும். வெறும் எடுத்துக்காட்டாக, 340 பேரில் 140 பேர் நாட்பட்ட நோயினர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அனைவரும் மாதம் ஒரு முறை துணை நிலையத்துக்கே வந்தால் ஆண்டுக்கு 1,680 வருகைகள். ஏனைய 200 பேரைப் பொறுத்தமட்டில் 24 காலப்பகுதிகளில் 4,800 நோய் நிகழ்ச்சிகள். அவற்றுள் பாதி துணை நிலையத்துக்கு வருமாயின் முதல் வருகைகள் 2,400. அவர்களில் மூவரில் ஒருவர் மறுமுறை வந்தால் இன்னும் 800. ஆக மொத்தம் 4,880. ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் எனில் நாளொன்றுக்குப் பதினாறு பேர் வருகின்றனர். முன் சொன்ன முறையிலோ இருபத்தேழு பேர். மருந்துப் பெட்டியை நிரப்புவதற்கும், இரண்டாவது ஊழியர் வேண்டுமா என்று தீர்மானிப்பதற்கும் இவ்வெண்ணே ஆதாரம் என்னும்போது, இவ்வேற்றுமை சிறிதன்று. எந்த மருந்து என்பதும் மாறுகிறது. 1,680 என்பது கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளின் எண்; 3,200 என்பது பாராசிட்டமாலும் உப்பு-சர்க்கரைப் பொட்டலமும் வேண்டியோரின் எண். இரண்டையும் கலந்து மொத்தமாக எழுதிய நிலையத்தில் ஒன்று மிகும், மற்றொன்று மழைக்காலத்தின் நடுவே தீர்ந்துபோகும்.

ஞாபகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லிக் குடும்பங்களிடையே நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இத்துறையினர் அனைவரும் அறிய வேண்டியதாகும். வாரந்தோறும் சென்று கேட்டபோது, ஏழைகள் செல்வரைக் காட்டிலும் அதிகமாக வைத்தியரிடம் சென்றதாகத் தெரிந்தது. மாதத்துக்கு ஒரு முறை கேட்டபோது ஏழைகள் குறைவாகச் சென்றதாகத் தெரிந்தது. உண்மை தலைகீழாகிவிட்டது! நோய் அன்றாட வாழ்க்கையோடு ஒன்றிவிட்ட வீட்டில், பத்து நாளைக்கு முந்திய இருமல் நினைவில் நிற்பதில்லை. துணை நிலையத்தை நாடுவோர் யார்? அவ்வீட்டாரே. ஆகையால் நீண்ட காலத்தைக் கேட்கும் ஒவ்வொரு விசாரணையும், தனியார் டாக்டரைவிடத் துணை நிலையத்து ஊழியரையே அதிகமாகக் குறைத்துக் காட்டும் என்று கருத இடமுண்டு.

அப்படியாயின் வீடுகளை விட்டு, நிலையத்துப் பதிவேட்டையே நம்பலாமே என்பர் சிலர். பதிவேடு வந்தவரைச் சொல்லும், வராதவரைச் சொல்லாது. 1961இல் கெர் ஒயிட்டும் அவர் தோழர்களும் வெளியிட்ட புகழ்பெற்ற கணிப்பின்படி, வயது வந்தோர் 1,000 பேரில் ஒரு மாதத்தில் நோயோ காயமோ உற்றோர் 750, டாக்டரைக் கண்டோர் 250, மருத்துவமனையில் சேர்ந்தோர் 9 பேரே. பதிவேட்டை மட்டும் பார்ப்பவன் அந்த 250 பேரையே உலகம் என்று எண்ணுவான். மேலும், இப்போது ஈ-சஞ்சீவனி மூலம் நோயாளி சுகாதார அதிகாரியின் எதிரே அமர்ந்தபடியே தொலைவிலுள்ள டாக்டரிடம் ஆலோசனை பெறுகிறார். இது யாரிடம் வந்த வருகை? நிலையத்தின் ஏட்டில் ஒன்று, டாக்டரின் கணக்கில் ஒன்று என இரண்டாகப் பதிவாக வழியுண்டு. தாய் தன் குழந்தையின் சளிக்காக வந்து, போகிற போக்கில் தன் கொதிப்பையும் பார்த்துக்கொள்கிறாள். கணவனின் மாத்திரையை மனைவி வாங்கிச் செல்கிறாள். இவற்றுக்கு விதி எழுதப்படாத இடத்தில் ஒவ்வோர் ஊழியரும் தத்தம் விதியை வகுத்துக்கொள்வர்.

என் கருத்தில், நோயின் பெயரைப் பதிவு செய்யுமாறு இவ்வூழியரை வற்புறுத்துவதும் நல்லதன்று. அவர் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று எழுதினால் அது சோதனையின் முடிவு அன்று, ஊகம். ‘இரண்டு நாட்களாகக் காய்ச்சல், உடல்வலி’ என்று நோயாளி கூறியதை எழுதினால் அஃது உண்மை. வருகையின் காரணத்தை நோயாளியின் சொல்லிலேயே பதிந்து பின்னர் வகைப்படுத்தும் முறை பல நாடுகளில் வழக்கில் உள்ளது. 1987 முதல் குடும்ப வைத்தியர்களின் உலகக் கழகம் இதற்கெனத் தனி வகைப்பாட்டையே வெளியிட்டுள்ளது. டாக்டரும் துணைவரும் ஒரே வகையான நோயாளிகளைப் பார்க்கின்றனரா என்பதை இத்தகைய பதிவைக் கொண்டுதான் ஒப்பிட முடியும். சத்தீஸ்கரின் கிராமப்புற மருத்துவ உதவியாளர்கள் சாதாரண நோய்களைக் கையாளுவதில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு ஏறக்குறைய ஈடானவர்கள் என்று ஓர் ஆய்வு கண்டது. ஆயினும் திறமையை அளந்த அளவுக்கு வேலைப்பளுவை நாம் அளக்கவில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமன்று. மாவட்டத்தில் சில நிலையங்களையும், ஆண்டின் பல பருவங்களிலிருந்து சில வாரங்களையும் குலுக்கல் முறையில் தெரிந்தெடுக்க வேண்டும். சந்தை நாளும் தடுப்பூசி நாளும் அவ்வாரங்களில் தாமே அடங்கிவிடும். அவ்வாரங்களில் மட்டும் ஒவ்வொரு வருகைக்கும் மூன்று செய்திகளைப் பதிந்தால் போதும்: நோயாளி கூறிய காரணம், இந்நோய்க்கு இது முதல் வருகையா மறு வருகையா என்பது, கண்டவர் யார் என்பது. கடைசிச் செய்தியை நோயாளியிடம் கேட்கக் கூடாது. நிலையத்தில் இருப்பவரே தம் பயிற்சியின் பெயரால் எழுத வேண்டும். பதவியின் பெயர் மாறலாம், பெற்ற பயிற்சி மாறாது. அதே வாரத்தில் அண்டை வீடுகள் சிலவற்றில், ஏழு நாட்களுக்கு மேற்படாத காலத்தைப் பற்றி விசாரித்தால் வராதவர்களின் எண்ணும் கிட்டும்.

ஆசிரியர்கள் இதில் எவ்விதம் உதவலாம் என்று கேட்கப்படலாம். உயர்நிலைப் பள்ளியில் சராசரியும் விழுக்காடும் கற்பிக்கையில், மேலே கண்ட 340, 24 என்னும் கணக்கை மாணவர்க்குக் கொடுத்து, 8,160 ஏன் தவறு என்று கேட்கலாம். நோய்களின் பெயரை மட்டும் சொல்லி, ஊரில் அதற்கு யாரிடம் செல்வர் என்று விசாரித்து வரச் சொல்லலாம். யாருடைய பெயரும் வீட்டு விவரமும் எழுதப்படலாகாது. ஐம்பது விடைகளில் ‘டாக்டர்’ என்ற சொல் எத்தனை விதமான மனிதரைக் குறிக்கிறது என்பதை அம்மாணவர்களே பட்டியலிட்டுவிடுவர். அப்பட்டியல், அடுத்த முறை கேள்வித்தாளை வகுப்போர்க்கும் அதனை மொழிபெயர்ப்போர்க்கும் மிகவும் பயன்படும்.