பங்காளி என்று சொல்லிக்கொண்டு வருபவர்

ஒப்பந்தக் கூலிகளாக இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பதிவேடு, ஒரு மனிதரை ஒரே வரியில் அடக்கிவிடும். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு. சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனைத் தொட்டது 1860 நவம்பர் 16 அன்று. அதுமுதல் 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். அந்த ஒற்றை வரியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து கொள்ளுப்பேரன்களும் அவர்களின் பிள்ளைகளும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வந்து இறங்குகிறார்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. பதிவேட்டில் ‘வட ஆற்காடு’ என்றிருக்கும். 1911இல் அதிலிருந்து சித்தூர் பிரிந்து போனது. 1989இல் மிச்சம் இரண்டானது. 2019இல் வேலூரும் மூன்றாக உடைந்தது. ஆக, கொள்ளுத்தாத்தாவின் ஊர் இன்று ஆந்திராவில் இருந்தாலும் இருக்கலாம். பெயர் அதைவிடப் பெரிய சிக்கல். அங்கே முனுசாமி ‘மூன்சாமி’யாகி, பரம்பரைக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டார். இங்கேயோ தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறிவிடுகிறது. போளூரில் போய் ‘மூன்சாமி குடும்பம் எது?’ என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. குலதெய்வம் எது என்று தெரிந்தால் வழி பிறக்கும். கோயில் காரியத்துக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பவரிடம் பங்காளி வீடுகளின் கணக்கு அனேகமாக இருக்கும்.

மரபணுச் சோதனை கைகொடுக்காதா? எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் ‘உங்கள் உறவினர்கள்’ என்று ஒரு பட்டியல் வரத்தான் செய்கிறது. ஆனால் பட்டியலில் வருபவர் அதே சோதனையைச் செய்துகொண்டவராக இருக்க வேண்டும். டர்பன்காரருக்கு ஜோகன்னஸ்பர்க்கிலும் லண்டனிலும் சொந்தம் கிடைக்கலாம். குடியாத்தம் கிராமத்துப் பெரியவர் எதற்காகக் காசு கொடுத்து எச்சில் அனுப்பப் போகிறார்? அப்படியே அனுப்பினாலும், நான்கைந்து தலைமுறை தள்ளிய பங்காளிகளில் பலருக்குப் பொதுவான மரபணுத் துண்டு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

கடைசியில் யாராவது ஒருவர் நேரில் போய்த்தான் கதவைத் தட்ட வேண்டும். தட்டுகிறவர் வேரைத் தேடி வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். திறக்கிறவர் மனதில் ஓடுவது வேறு: ‘பங்கு கேக்க வந்திருக்காங்களா?’

இது பேராசைக் கேள்வி அல்ல. பாகம் பிரிக்காத நிலம், இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, அண்ணன் தம்பிக்குள் ஓடும் வழக்கு எல்லாம் உள்ள ஊரில், ‘உங்கள் பூட்டனாரின் தம்பி வழியில் வந்தவன்’ என்று ஒருவர் வந்து நின்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கையில் பழைய பதிவேட்டு நகலும் காமிரா பிடித்த கூட்டாளியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்த அனுபவத்தை ஒளிவுமறைவின்றி எழுதியவர் வி.எஸ்.நைபால். அவருடைய தாய்வழித் தாத்தா உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து டிரினிடாடுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். 1962இல் இந்தியா வந்த நைபால், அந்தக் கிராமத்துக்குப் போய் உறவினர்களைப் பார்த்தார். ஒரு கிழவி காலைப் பிடித்து அழுதாள். குடும்பத் தலைவராக இருந்த உறவினரோ, தாத்தாவின் நிலத்துக்காக வழக்காட உதவி கேட்டுப் பின்தொடர்ந்தார். எரிச்சலோடு ஊரைவிட்டுக் கிளம்பியதை 1964இல் வெளியான நூலில் நைபாலே சொல்கிறார். தேடி வந்தவருக்கு வேண்டியது தாத்தாவின் சுவடு. அங்கிருந்தவர்களுக்கு வேண்டியது வழக்குச் செலவு. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

நிலத்தைவிட நுட்பமான சங்கடமும் உண்டு. 1876–78 பஞ்சத்திலும் அதற்குப் பிறகும் கப்பலேறியவர்களில் சிலர் பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போனவர்கள். அங்கே இன்னொரு குடும்பம் அமைந்தது. ‘எங்கள் குலத்தின் முதல்வர்’ என்று டர்பனில் படம் மாட்டிக் கும்பிடப்படுகிறவர், இங்கே ஒரு வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவராக இருக்கலாம். சாதியையும் பெயரையும் மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவர்களும் உண்டு. தேநீர்க் கடையில் பத்துப் பேர் முன்னால் பதிவேட்டை விரித்து விசாரிக்கும்போது, இதெல்லாம் ஊர்ப் பேச்சாகிவிடும்.

தத்துப் பிள்ளைகள் பெற்றவர்களைத் தேடும் விஷயத்தில் இந்திய விதிமுறைகள் இதை முன்னரே யோசித்திருக்கின்றன. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பித்து வேர் தேடலாம். ஆனால் அவருக்காக மூன்றாம் ஆள் தேடக் கூடாது. பெற்றவர்களின் அந்தரங்கத்தை மீறவும் கூடாது. கப்பலேறியவர்களின் வாரிசுகளுக்கு இப்படி விதி எதுவும் இல்லை. கண்டுபிடிக்கப்படுகிறவருக்கும் முடியாது என்று சொல்ல உரிமை உண்டு என்பதைத் தேடுகிறவரேதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கடிதத்திலேயே பாதி பயத்தைப் போக்கிவிடலாம். தான் யார், எந்தத் தாளை வைத்துச் சொந்தம் என்று நினைக்கிறார், அது தவறாகவும் இருக்கலாம் என்பதெல்லாம் நாலு வரியில் வந்துவிட வேண்டும். “நிலம், வீடு, பணம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். உங்கள் குலதெய்வம் எது என்று மட்டும் சொன்னால் போதும்” என்று தமிழில் எழுதி, பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டாருக்குத் தெரிந்த ஆசிரியரோ பூசாரியோ அதைத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, கூட்டமாகப் போய் இறங்குவதைவிட நல்லது.

பெண் வழியில் தேடி வருகிறவருக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. நேட்டாலுக்கு 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் அனுப்ப வேண்டும் என்று விதி இருந்ததால், பல வம்சங்களின் வேர் கப்பலேறிய ஒரு பெண்ணிடம் போய் முடிகிறது. அவளுடைய அண்ணன் தம்பி வழியினர் வந்தவருக்குப் பங்காளி அல்ல, தாய்மாமன் வீடு. பங்காளி வந்தால் பத்திரத்தைத் தேடுகிற பெரியவர், இங்கே விரல்விட்டு முறை எண்ணத் தொடங்குவார். நம் வழக்கப்படி மாமன் வீடு சீர் செய்கிற வீடு. “நூத்தி நாப்பது வருஷத்து சீர் பாக்கி இருக்கு, எடுத்து வைங்க” என்று வந்தவரே கேலி பேசலாம்.