ரெண்டு ஜெர்சி, ஒரே முழங்கால்

கொஞ்சம் நீளமான த்ரெட். ஃபுட்பால் ஆடுற பிள்ளைகளைப் பெத்தவங்க, பள்ளிக்கூட பி.டி. சார்கள், அகாடமி கோச்சுகள்னு மூணு தரப்புக்கும் கோவம் வரும். முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

உடன்குடியில கிளினிக் வச்சிருக்கேன். பள்ளிக்கூடப் போட்டி சீசன் வந்துட்டா சாயங்காலம் ஒரே மாதிரி கேஸ். 12, 13, 14 வயசுப் பையன். முழங்கால் சில்லுக்குக் கீழ புடைப்பு, விரலை வச்சாலே காலை இழுத்துக்கிறான். "கீழ விழுந்தியால?" "இல்ல சார்." "யாரும் மிதிச்சானா?" "இல்ல சார்." அம்மாதான் சொல்லுவாங்க: காலையில ஸ்கூல் டீம், சாயங்காலம் அகாடமி.

இதுக்குப் பேரு ஆஸ்குட் ஷ்லாட்டர். வளர்ற வயசுல அந்த இடம் இன்னும் முழு எலும்பாகல, பாதி குருத்தெலும்புதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தொடைத் தசை அதைப் பிடிச்சு இழுக்குது. இதே சங்கதி குதிகால்ல வந்தா சீவர்ஸ். சுமையைக் குறைச்சா ரெண்டும் பெரும்பாலும் தானா அடங்கிரும். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் இங்க ஆளே இல்ல.

ஒரு பையனோட வாரத்தைப் பேப்பர்ல எழுதிப் பார்த்தேன். வயசு 13. ஸ்கூல் பயிற்சி காலை 6 முதல் 7.30 வரை, அஞ்சு நாள்: ஏழரை மணி நேரம். பக்கத்து ஊர் அகாடமி, மூணு நாள், ரெண்டு ரெண்டு மணி நேரம்: ஆறு. ஞாயித்துக்கிழமை மேட்ச்சும் அதுக்கு முன்னாடி பயிற்சியும்: மூணு. மொத்தம் பதினாறரை. பஸ்ல நின்னுகிட்டே போறதைச் சேர்க்கல.

அமெரிக்காவுல நீரு ஜயந்தின்னு ஒரு ஸ்போர்ட்ஸ் டாக்டர். அவரும் கூட்டாளிகளும் சுமார் 1,200 பிள்ளைகளை வச்சு செஞ்ச ஆய்வு 2015-ல வெளிவந்துச்சு. வயசு எத்தனையோ, அதைவிட அதிக மணி நேரம் வாரத்துல பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு, மிகைப்பயன்பாட்டால் வர்ற கடுமையான காயம் அதிகமா இருந்துச்சு. நம்ம பையனுக்கு அளவு 13. ஓடுறது பதினாறரை. பி.டி. சாருக்கு ஏழரைதான் தெரியும். கோச்சுக்கு ஒன்பதுதான் தெரியும். ரெண்டு பேரும் ஒரு தடவை ஃபோன்ல பேசினதே கிடையாது.

இதுக்கு அகாடமிகள் சொல்ற தீர்வு என்ன? "ஸ்கூல் மேட்ச் ஆடக்கூடாது, ஆடினா இங்க வராதே." இது புதுசு இல்ல. அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு 2007-ல டெவலப்மென்ட் அகாடமி ஆரம்பிச்சு, 2012-ல பத்து மாச சீசன் கொண்டுவந்து, ஹைஸ்கூல் டீம்ல ஆடக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. 2020-ல அந்த அகாடமி அமைப்பையே மூடிட்டாங்க. ஹைஸ்கூல் ஃபுட்பால் இன்னிக்கும் நடக்குது.

அங்க இருந்த தடையை இங்க காப்பி அடிக்கிறவங்களுக்கு ஒண்ணு தெரியணும். நம்ம ஊர்ல ஸ்கூல் மேட்ச்ங்கிறது வெறும் விளையாட்டு இல்ல, காகிதம். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம்னு ஏறி, தேசியப் பள்ளி விளையாட்டுல மாநில ஜெர்சி போட்டாத்தான் ஃபார்ம் 4. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். பொறியியல் கலந்தாய்வுலயும் விளையாட்டுக்குத் தனி இடம். பனை ஏறி, கருப்பட்டி காய்ச்சி வளர்த்த பிள்ளைக்கு அந்தக் காகிதம் என்னன்னு இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டாம். மாசா மாசம் ஃபீஸ் வாங்கிட்டு அதை விடச் சொல்ற கோச், பதிலுக்கு எழுத்துல என்ன தர்றார்? ஒரு டிராக் சூட்.

பி.டி. சார்களும் சிரிக்காதீங்க. "அகாடமிக்குப் போனா டீம்ல பேர் இருக்காது"ன்னு மிரட்டுறது யாரு? பல ஸ்கூல்ல பந்தை நிறுத்தவும் திருப்பவும் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல, அதான் பிள்ளை வெளிய போறான். கூடவே ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், மூணு மேட்ச் வச்சு குறுவட்டத்தையே முடிச்சிருதீங்க. மைதானம் கிடைக்கல, நிதி இல்லன்னு காரணம் இருக்கும். அதை முழங்கால்கிட்ட சொல்ல முடியாது.

என் கருத்து இதுதான். பையனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீங்க, ரெண்டையும் அப்படியே இழுக்கவும் விடாதீங்க. ஸ்கூல் போட்டி நடக்கிற வாரத்துல அகாடமி ஒதுங்கணும். காசு வாங்குறவங்கதான் வளைஞ்சு கொடுக்கணும். மத்த மாசங்கள்ல ஸ்கூல் காலைப் பயிற்சி பாதியாகணும். வாரத்துல ஒரு நாள் பந்தே தொடக்கூடாது. வருஷத்துல ரெண்டு மூணு மாசம் வேற ஏதாவது ஆடட்டும், கடல்ல நீந்தட்டும். இதுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும்: பி.டி. சார், கோச், அப்பா இல்ல அம்மா. (குலசை தசராவுக்கு மாலை போட்டு ஒரு வேளை மட்டும் சாப்பிடுற பையனை அந்த நாட்கள்ல ஓட விடாதீங்க. அம்மனுக்கும் அது பிடிக்காது.)

பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல 15 முதல் 19 வயசுப் பெண்கள்ல 59 சதவீதத்துக்கு ரத்தசோகை. "மூச்சு வாங்குது"ன்னு சொன்னா ஸ்டாமினா இல்லன்னு இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட விடுறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் பாருங்க. முழங்கால் தசைநார் கிழியறதும் பையன்களைவிட அவங்களுக்கு அதிகம். ஃபிஃபாவோட 11 பிளஸ் வார்ம்-அப் இருக்கு. சுமார் 20 நிமிஷம், காசு கிடையாது, யூடியூப்லயே கிடைக்கும்.

"நாங்கல்லாம் தேரி மணல்ல வெறுங்கால்ல ஓடினவங்க டாக்டர்"னு ஒரு அண்ணாச்சி வந்து கமெண்ட் போடுவாரு. சரி அண்ணாச்சி. நீங்க தோணினப்போ ஓடினீங்க, வலிச்சா உக்காந்தீங்க. விசில் அடிச்சு ஓட்டினவங்க ரெண்டு பேரு இல்ல.

இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பர்ல ஐ.எஸ்.எல். சீசனோட முதல் மேட்ச்லயே முழங்கால்ல காயம் பட்டு, அந்த சீசன் முழுக்க ஆடல. அவர் பெரிய கிளப்போட ஒப்பந்தத்துல இருந்த ஆளு. எட்டாங்கிளாஸ் பையனுக்கு ஆபரேஷன் செலவும் அப்பா தலையில, ஆறேழு மாச பிசியோதெரபியும் அப்பா தலையில.

கடைசியா, "நாளைக்கு செமி ஃபைனல், ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்க"ன்னு கூட்டிட்டு வர்றவங்களுக்கு. வளர்ற எலும்புல, அந்தப் புடைப்புல ஸ்டீராய்டு ஊசி போட மாட்டேன். நொண்டி நடக்கிற பிள்ளைக்கு மேட்ச் கிடையாது. கோச்சோ, பி.டி. சாரோ, எனக்கு ஃபோன் பண்ணட்டும், நான் பேசிக்கிறேன்.