ஆவாரை இருக்க அயல்நாட்டுச் செடி எதற்கு?

மேல்நாட்டுத் தோட்டப் புத்தகங்களைப் படிக்கும் நேயர்களுக்கு ‘எல்டர்’ என்னும் புதர்ச் செடியின்மீது ஆசை பிறப்பது இயற்கையே. அங்கே அதன் பூவில் பானம் செய்கிறார்கள். கனியைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். ஆனால் அது குளிர்நாட்டுச் செடி. காவேரிப்பாக்கத்துச் சித்திரை வெயிலில் அதைக் காப்பாற்ற முயல்வது வீண் சிரமம். ஏரி நீர் எட்டாத மேட்டு நிலத்திலும், யாரும் நீர் வார்க்காமலே பொன்னாய்ப் பூக்கும் ஆவாரையை நாம் ஏன் கொல்லையில் வளர்க்கலாகாது?

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தாருக்கு ஆவாரை புதிதன்று. அதன் பட்டைச் சாற்றில் ஊறிய தோல்தான் ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அத்தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடுக்காய் நீரில் தோய்த்தார்கள். பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. குரோம் உப்பும் வந்தது. தொழிற்சாலைகள் ஆவாரையை மறந்தன. வீடுகளும் மறக்க வேண்டுமா?

மஞ்சள் பூவெல்லாம் ஆவாரை அன்று. விதை எடுக்குமுன் செடியைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம். தகரைக்குச் சிற்றிலைகள் 3 ஜோடி. ஆவாரைக்கோ 8 முதல் 12 ஜோடி வரை. இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தில் காதுமடல் போன்ற இரு சிறு இலைகள் இருந்தால் ஐயமே வேண்டாம்.

காய் தட்டையாய், காகிதம்போல் மெல்லியதாய் இருக்கும். விதையின் தோல் கடினமானது. ஆகவே முற்றிய விதைகளைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் இட்டு ஓரிரவு ஊற விடுக. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், பிடுங்கி நட்ட செடி பிழைப்பது அரிது. செடி நிற்கவேண்டிய இடத்திலேயே, 3 அடி இடைவெளியில், குழிக்கு 2, 3 விதைகளாக ஆடி மாதத்தில் ஊன்றுக. நாள் முழுதும் வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. முதல் சில மாதங்கள் மட்டும் சிறிது நீர் வார்த்தால் போதும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கத்தரித்துவிட்டால் மீண்டும் தழைத்துப் புதராகும். இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவற்றுள் பல மஞ்சள் வண்ணத்துப் பூச்சிகளாகிப் பறக்கும்.

பூவைப் பருப்புடன் சேர்த்துக் கூட்டு வைக்கலாம். நிழலில் உலர்த்திக் கஷாயமும் இடலாம். நீரிழிவுக்கு அது நல்லதென்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதை நம்பி வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். மருந்து உண்பவர்கள் அவரைக் கேட்டே பருக வேண்டும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டவென்று காட்டுச் செடிகளைக் கொத்துக் கொத்தாக ஒடித்து வந்து விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். வீட்டுக்கு இரண்டு புதர் இருந்தால், நம் வாசலுக்கு வேண்டிய பூ நம் கொல்லையிலேயே கிடைக்கும். மேட்டு நிலத்து ஆவாரையும் காய்த்து, விதை சிந்தி, அங்கேயே பெருகும்.