தூண்டில் கம்புக்கு விலைதான் முக்கியமா?

அருமனைப் பக்கத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை. குளங்கள் உண்டு, கால்வாய்கள் உண்டு. பாறை மேல் ஓடிவந்து திற்பரப்பில் அருவியாக விழும் கோதையாறும் அருகிலேயே உண்டு. தண்ணீர் உள்ள ஊரில் தூண்டிலும் இருக்கும்.

அந்தக் காலத்தில் ஒரு மூங்கில் கம்பு போதும். இப்போது ரீல் வைத்த கம்புகள் கடையில் வரிசையாக நிற்கின்றன. "விலை கூடியதை வாங்கினால் மீன் தானாக வரும்" என்று எண்ணி, வீட்டுச் செலவுக்கான பணத்தையும் அதில் போடும் வாலிபர்கள் உண்டு.

இது சரியா? சரியல்ல. கம்பு பணப்பைக்குப் பொருந்தினால் போதாது; தண்ணீருக்குப் பொருந்த வேண்டும்.

அடியைத் தட்டும் குண்டு

கெளுத்தி போன்ற மீன்கள் அடித்தரையில் இரை தேடும். இரையை அங்கே கொண்டு செல்வது ஈயக்குண்டு. அது தரையைத் தட்டித் தட்டி நகர வேண்டும். கனம் கூடினால் கல்லிடுக்கில் சிக்கும். குறைந்தால் நீரோட்டம் இழுத்துப் போகும்.

அமெரிக்காவில் 'வால்-ஐ' என்ற மீனை இந்த முறையில் பிடிக்கிறார்கள். மினசோட்டா மாநிலம் 1965-ல் அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. 10 அடி ஆழத்துக்கு 1 அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் குண்டு என்பது அங்கே படகில் போகிறவர்களின் கணக்கு.

குண்டு தட்டுவதைக் கைக்குச் சொல்வது கம்பின் நுனி. ஆகவே நுனி மெல்லியதாக வளைய வேண்டும். அடிப்பக்கம் உறுதியாக நிற்க வேண்டும். கரையில் நின்று வீச 6 அல்லது 7 அடிக் கம்பு போதும். சிறு குளத்துக்கு மூங்கிலே தாராளம்!

பஞ்சும் விரலும்

கடையில் ஒரு துண்டுப் பஞ்சு கேளுங்கள். கம்பின் வளையங்களுக்குள் அதை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் வளையத்தில் கீறல் இருக்கிறது. அது நரம்பை அறுத்துவிடும்.

பிறகு ரீலில் உள்ள நரம்பை விரலால் இழுங்கள். வெட்டி வெட்டி வராமல், ஒரே சீராக வர வேண்டும். அப்படி வராத ரீல், பெரிய மீன் இழுக்கும்போது நரம்பை அறுக்கும்.

உயிரைவிட மீன் பெரிதா?

கார்பன் கம்பு எடை குறைவு. நுனியின் அசைவை நன்றாகக் காட்டும். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழைக் கம்பு சற்றுக் கனம், விலை குறைவு, எளிதில் உடையாது. புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே நல்லது. எந்தக் கம்பானாலும் மின்கம்பிக்குக் கீழே வீசவே கூடாது. நனைந்த மூங்கிலும் ஆபத்துதான்.

ஈயம் விஷம். குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குவதைப் பெற்றோர் தடுக்க வேண்டும். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

மீன் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. இரை எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. அளவான கம்பு, சரியான குண்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். மிச்சப்படும் பணம் வீட்டுக்கு உதவட்டும்!