பழி யாருக்கு?

வீட்டுக் கொங்கிறீற்றிலே சிறிது உதிர்ந்ததும், "மேசன் சீமெந்தைக் குறைத்துவிட்டான்" என்று தீர்ப்புக் கூறுவது நம்மவர் வழக்கம். காரணம் ஆராயாத தீர்ப்பு நீதியாகாது.

தளம் காலில் மாவாக ஒட்டுமாயின், கலவையில் நீர் மிகுந்திருக்கலாம். அன்றேல் முதல் 7 நாள் ஈரங் காக்கத் தவறியிருக்கலாம். வலைபோன்ற மெல்லிய வெடிப்பு, வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு விரைந்து உலர்ந்தமையைக் காட்டும். இவை பெரும்பாலும் தோலின் நோய்கள்.

கம்பியின் வழியே வெடிப்பு ஓடிச் செந்நிறக் கறையும் தோன்றுமாயின், நோய் எலும்பைப் பற்றிவிட்டது. கழுவாத கடல்மணலோ உவர்நீரோ கலவையிற் சேர்ந்தால், அந்த உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வதால் கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். கடற்காற்றின் உப்பும் காலப்போக்கில் உட்புகுந்து இதனையே செய்யும். யாழ்ப்பாணக் கரையோரத்தாரும் தீவகத்தாரும் இதனை மறத்தலாகாது.

இந்நோய்க்கு மேற்பூச்சுப் பூசுவது புண்ணைப் பட்டால் மூடுவதாம். உத்தரமோ கூரைத்தளமோ உதிர்ந்தால் பொறியியலாளரை அழைத்துக் கம்பியின் நிலையை அறிக. பழியைப் பின்னர்ப் பேசலாம். மலிவென்று கடல்மணலை இறக்குவித்தவர் வீட்டுக்காரரேயாயின், மேசனைக் குறை கூறுவது எவ்வகை அறம்?